தொழுவத்தில் விருந்தினர் அறை

கியாண்டி மலைச்சரிவின் பழைய கல் வீடுகளில் தங்கும் சுற்றுலாப் பயணிகளுக்குத் தரைத்தளத்து அறைகள் மிகவும் பிடித்துப்போகின்றன. கனத்த சுவர்கள், செங்கல் வளைவுகள் தாங்கும் கூரை, கோடையிலும் குறையாத குளிர்ச்சி. ஜன்னலைத் திறந்தால் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாகச் சரிவில் இறங்குகின்றன. அவர்கள் கட்டில் போட்டுப் படுத்திருக்கும் இடம் அறுபது, எழுபது வருடங்களுக்கு முன்பு மாட்டுத் தொழுவம். குடியானவர் குடும்பம் மாடியில் வசித்தது. கீழே கட்டிய மாடுகளின் உடல்சூடு குளிர்காலத்தில் மேலே ஏறி வீட்டைக் கதகதப்பாக வைத்திருக்கும் என்பது கணக்கு. மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் எட்டிப் பார்க்காத அந்த வீட்டை விட்டு அந்தக் குடும்பம் நகரத்துத் தொழிற்சாலைக்குத் தப்பியோடியது. இன்று அதே வீட்டில் ஓரிரவு உறங்க ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பணம் கட்டி வருகிறார்கள்.

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், ஃபுளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் இடைப்பட்ட மலைநாடு கியாண்டி. எந்த ஊர்களில் விளைந்த ஒயினைக் கியாண்டி என்று அழைக்கலாம் என்பதற்கு 1716லேயே எல்லை வகுத்து ஆணை பிறப்பித்தார், டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோஸிமோ தே மெதிச்சி. 1924ல் ராடா என்ற சிற்றூரில் கூடிய தோட்டக்காரர்கள் தங்கள் ஒயினின் பெயரைக் காக்கச் சங்கம் அமைத்து, கறுப்புச் சேவலைச் சின்னமாக்கிக்கொண்டார்கள். 'கியாண்டி கிளாஸிகோ' எனப்படும் இந்த மூலப் பகுதியின் பரப்பு சுமார் 70 ஆயிரம் ஹெக்டேர். பெரும் பகுதி காடு. கிளாஸிகோ ஒயினுக்கான திராட்சை சுமார் ஏழாயிரம் ஹெக்டேரில்தான் விளைகிறது. அதில் பாதிக்கும் மேற்பட்ட நிலத்தில் இப்போது ரசாயன உரமோ செயற்கைப் பூச்சிமருந்தோ கிடையாது. முறையாகச் சான்று பெற்ற இயற்கை விவசாயம்.

இங்கே எந்த மண்சாலையில் திரும்பினாலும் ஒரே மாதிரி மூன்று விஷயங்கள் சேர்ந்தே தென்படுகின்றன. ஒரு குடும்பம், ரசாயனம் தொடாத ஒரு தோட்டம், வாடகைக்குச் சில அறைகள். அழகுக்காக அமைந்த சேர்க்கை என்று பயணி நினைக்கலாம். உண்மையில் அது பிழைப்புக்கான ஏற்பாடு. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் தள்ளாட ஆரம்பித்துவிடும். அதைப் புரிந்துகொள்ள அந்தத் தொழுவத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

டஸ்கனியின் நிலம் பல நூற்றாண்டுகள் 'மெஸ்ஸத்ரியா' என்ற வார முறையில் கிடந்தது. சொல்லிலேயே 'பாதி' இருக்கிறது. நிலமும் வீடும் முதலாளியுடையவை. உழைப்பு குடியானவருடையது. விளைச்சலில் பாதிக்குப் பாதி. தமிழில் மேல்வாரம், குடிவாரம் என்று பிரித்த அதே கணக்கு. நிலம் சிறு பண்ணைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கல் வீடும் ஒரு கூட்டுக் குடும்பமும் இருந்தன. குடும்பத் தலைவர் வயலை நிர்வகித்தார். மூத்த பெண் அடுப்படியையும் கோழி, முயல்களையும் பார்த்துக்கொண்டார். முதலாளியின் காரியஸ்தர் வந்து கணக்கெழுதுவார். வீட்டில் யாருக்காவது கல்யாணம் என்றால்கூட முதலாளியின் சம்மதம் தேவைப்பட்டது. சாப்பிடும் வாய்களும் உழைக்கும் கைகளும் எத்தனை என்பது அவருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

அந்த நாளில் தனித் திராட்சைத் தோட்டம் என்பதே அபூர்வம். வயலுக்குள் மரங்கள், மரங்களின் மேல் திராட்சைக் கொடி, இடையில் கோதுமை, ஓரத்தில் ஆலிவ். மலைச்சரிவுகளில் கைக்கல் அடுக்கிய வரப்புகள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் விளைந்தது, ஒன்று பொய்த்தால் இன்னொன்று காப்பாற்றும் என்பதற்காக. இன்றைய இயற்கை விவசாய ஆர்வலர்கள் இதைக் கனவுபோல வர்ணிக்கிறார்கள். அதில் வாழ்ந்தவர்கள் அப்படி வர்ணித்ததில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வாரதாரர் கிளர்ச்சி வெடித்தது. அரசு தலையிட்டுக் குடிவாரத்தை 53 சதவீதமாக்கியது. 1964ல் வந்த சட்டம் அதை 58 ஆக உயர்த்தி, புதிய வார ஒப்பந்தங்களுக்கும் தடை போட்டது. மிச்சமிருந்தவற்றைக் குத்தகையாக மாற்ற 1982ல் இன்னொரு சட்டம் வந்தது. அதற்குள் ஆட்கள் போய்விட்டார்கள். 1950களிலும் 60களிலும் பிள்ளைகள் முதலில், பெற்றோர் பின்னால் என்று மலை காலியானது. ஆயிரக்கணக்கான வீடுகள் திறந்த கதவுகளோடு நின்றன.

நிலத்தை வைத்திருந்தவர்களுக்கு இப்போது ஆள் இல்லை. வந்தது டிராக்டர். டிராக்டர் ஓடுவதற்காகப் பழைய கல் வரப்புகள் பல இடங்களில் இடிக்கப்பட்டன. கொடி வரிசைகள் சரிவின் குறுக்கே போகாமல் மேலிருந்து கீழாக நடப்பட்டன. மழை பெய்தால் மண் அதே வழியில் கீழே இறங்கியது. களை பிடுங்க ஆள் இல்லாததால் களைக்கொல்லி, மண் சக்தி இழந்ததால் உரம், செடி பலவீனப்பட்டதால் மருந்து. 1960, 70களில் நட்ட ரகங்களும் காய்ப்பின் அளவை முன்வைத்துத் தேர்ந்தவை; சுவை இரண்டாம்பட்சம். வைக்கோல் சுற்றிய குண்டு பாட்டிலில் அடைத்த கியாண்டி, உலகெங்கும் மலிவான உணவகங்களின் மேசையில் மெழுகுவர்த்தித் தாங்கியாக முடிந்தது.

அடி 1986ல் விழுந்தது. வட இத்தாலியில் சில வியாபாரிகள் ஒயினின் போதையைக் கூட்ட மெதனால் கலந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலருக்குப் பார்வை போயிற்று. தமிழ் வாசகர்களுக்கு மெதனால் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. குற்றத்தில் கியாண்டிக்குப் பங்கில்லை. இருந்தும் இத்தாலிய ஒயின் என்றாலே வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பின்வாங்கினார்கள். மலிவுச் சரக்கை மொத்தமாக விற்கும் காலம் முடிந்தது என்பதும், பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது, அதை யார் செய்தார் என்பதற்குப் பெயர் சொல்லிப் பதில் தர வேண்டும் என்பதும் எல்லோருக்கும் உறைத்தது. சிறு தோட்டக்காரர்கள் ரசாயனத்திலிருந்து விலக ஆரம்பித்ததன் பின்னணியில் கொள்கைப் பற்று மட்டுமல்ல, இந்தச் சந்தைப் பாடமும் இருந்தது.

ரசாயனத்தைக் கைவிடுவது என்றால் சும்மா இருப்பது என்று அர்த்தமில்லை. வேலை இரண்டு மடங்காகிறது. இலையுதிர் காலத்தில் கொடி வரிசைகளுக்கு இடையே அவரை இனங்களும் பார்லியும் தீவனப் பயிர்களும் விதைக்கிறார்கள். வசந்தத்தில் அவற்றை மடக்கி உழுதால் பசுந்தாள் உரம். அதுவரை வேர்கள் மண்ணைப் பிடித்துவைத்திருக்கும். கொடியின் அடியில் முளைக்கும் களையை மருந்தடித்துக் கருக்க முடியாது, கொத்தியெடுக்க வேண்டும். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியை ஏமாற்றப் பெண்பூச்சியின் வாசனை ஏற்றிய சிறு குழாய்களைக் கம்பிகளில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். தோட்டம் முழுக்கப் பெண்வாசனை என்றால் ஆண்பூச்சிக்குத் துணை கிடைப்பதில்லை. இது ஒரு தோட்டத்தில் மட்டும் செய்தால் பலிக்காது. பக்கத்துத் தோட்டமும் சேர வேண்டும். பக்கத்துக்காரர் தெளிக்கும் மருந்தும் வேலியை மதிப்பதில்லை. எனவே பன்ஸானோ போன்ற ஊர்களில் தோட்டக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து, ஊரையே ஏறக்குறைய முழுவதும் இயற்கை முறைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

பூஞ்சை நோய்தான் உண்மையான எதிரி. சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள். அடிச்சாம்பல் நோய்க்குத் தாமிரம், அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. இந்தியத் திராட்சைத் தோட்டங்களுக்கும் பழக்கமான இந்தக் கலவை திருட்டைத் தடுக்கப் பிறந்தது. பிரான்ஸில் போர்டோ அருகே, சாலையோரத்துக் கொடிகளில் யாரும் பழம் பறித்துவிடாதபடி நீலமும் வெள்ளையுமாக எதையோ பூசி வைத்திருந்தார்கள். சுற்றிலும் நோயில் இலை உதிர்ந்தபோது அந்தக் கொடிகள் மட்டும் பசுமையாக நின்றதை 1880களின் தொடக்கத்தில் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே கவனித்தார். 1885ல் கலவையின் செய்முறையை வெளியிட்டார். இன்றும் இயற்கை விவசாயிக்கு அதைவிட நம்பகமான மாற்று இல்லை.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. தாமிரம் ஓர் உலோகம், மக்கி அழிவதில்லை. வருடா வருடம் மண்ணில் சேர்ந்து மண்புழுக்களையும் நுண்ணுயிர்களையும் பாதிக்கிறது. 'இயற்கை' என்ற முத்திரைக்குப் பின்னால் கனஉலோகம் இருப்பதை எதிர்ப்பாளர்கள் குத்திக்காட்டுவதில் நியாயம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஏழு வருடங்களுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று உச்சவரம்பை இறுக்கியது. சராசரி வருடத்துக்கு நான்கு கிலோ. தாமிரம் இலையின் மேல் படர்ந்து நிற்குமே தவிர உள்ளே போவதில்லை. நல்ல மழை ஒன்று பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். மீண்டும் அடிக்க வேண்டும். ரசாயன மருந்தோ இலைக்குள் ஊடுருவி மழைக்குப் பிறகும் வேலை செய்யும்.

2023ல் இது வெறும் வாதமாக இல்லை. மத்திய, தெற்கு இத்தாலியில் வசந்தமும் முன்கோடையும் ஓயாத மழையில் கழிந்தன. அடிச்சாம்பல் நோய் பரவியது. டிராக்டர் இறங்க முடியாத சேற்றில், மருந்து அடிக்க வேண்டிய நாளில் அடிக்க முடியவில்லை. அந்த வருடம் இத்தாலியின் ஒயின் உற்பத்தி முந்தைய வருடத்தைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. எல்லோரும் அடி வாங்கினார்கள். தாமிரத்தையும் கந்தகத்தையும் மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு அடி பலமாக விழுந்தது. சட்டப்படியே கியாண்டி கிளாஸிகோவில் ஹெக்டேருக்கு ஏழரை டன்னுக்கு மேல் பழம் எடுக்கக்கூடாது. ஏக்கருக்கு மூன்று டன். அதிலும் பாதி போனால் குடும்பம் எதைச் சாப்பிடும்?

அறைகள் பதில் சொல்வது இந்தக் கேள்விக்குத்தான்.

ஒயின் தொழிலில் பணம் மிகத் தாமதமாக வரும். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் பறித்த பழத்தின் கியாண்டி கிளாஸிகோவை அடுத்த வருடம் அக்டோபருக்கு முன் விற்கக்கூடாது. 'ரிஸெர்வா' என்றால் இரண்டு வருடம். அதற்கும் மேல்படியான 'கிரான் ஸெலெஸியோனே' என்றால் இரண்டரை வருடம். புதிதாக நட்ட கொடி உருப்படியான பழம் தரவே மூன்று, நான்கு வருடங்களாகும். ரசாயனத்திலிருந்து மாறும் தோட்டத்துக்கு மூன்று வருடக் காத்திருப்பு வேறு. அந்தக் காலத்தில் இயற்கை விவசாயத்தின் செலவும் நஷ்டமும் உண்டு, அதன் சான்று இல்லை. பிழியும் செலவு, பீப்பாய், வட்டி எல்லாம் இன்றைக்கு. வரவு நாளை மறுநாள். அறை வாடகையோ அன்றன்றைக்குக் கையில் விழுகிறது. ஆலங்கட்டி மழை பெய்த வாரத்திலும் விழுகிறது. தங்கியவர் போகும்போது காரின் பின்புறத்தில் ஒரு பெட்டி ஒயினும் ஓரிரு டப்பா ஆலிவ் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு போகிறார். நடுவில் தரகர் இல்லை. ஊர் போனபிறகு கடிதம் எழுதி வரவழைப்பவரும் உண்டு.

இதற்கு வழி திறந்தது 1985 டிசம்பரில் இத்தாலிய நாடாளுமன்றம் இயற்றிய 'அக்ரிதுரிஸ்மோ' சட்டம். அந்த வருடம் டஸ்கனி மறக்காத வருடம். ஜனவரியில் இறங்கிய உறைபனியில் மாநிலத்தின் ஆலிவ் மரங்களில் பெரும்பாலானவை அடிவரை கருகின. தலைமுறைகள் வளர்த்த மரங்களை வெட்டி விறகாக்கினார்கள். அதே வருடக் கடைசியில், விவசாயி தன் வீட்டில் விருந்தினரைத் தங்கவைத்துச் சோறு போட்டுக் காசு வாங்கலாம் என்று சட்டம் சொன்னது. 2006ல் அதைத் திருத்திப் புதிதாக எழுதினார்கள். சட்டத்தின் அடிப்படை எளிமையானது: விவசாயம்தான் முதல், விருந்தோம்பல் அதற்குத் துணை. புதிய கட்டடம் எழுப்பக்கூடாது. நிலத்தில் ஏற்கனவே நிற்கும் கட்டடங்களைத்தான் அறைகளாக்க வேண்டும். பரிமாறும் உணவில் பெரும்பங்கு தன் நிலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் விளைந்ததாக இருக்க வேண்டும். வேலை நேரத்தைக் கணக்கிட்டால் வயலில் செலவாகும் நேரமே அதிகம் என்று காட்ட வேண்டும். பத்து பேருக்கு மேல் விருந்தினர் இல்லையென்றால் இந்தக் கணக்கும் வேண்டாம்; விவசாயம்தான் பிரதானம் என்று சட்டமே ஏற்றுக்கொள்கிறது.

காலியாகக் கிடந்த வாரதாரர் வீடுகளுக்கு இப்படித்தான் கதவும் ஜன்னலும் திரும்பி வந்தன. இன்று இத்தாலி முழுவதும் சுமார் 26 ஆயிரம் விவசாய விடுதிகள் இருக்கின்றன. டஸ்கனியில் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல். மூன்றில் ஒன்றைப் பெண்கள் நடத்துகிறார்கள். முன்பு அடுப்படியையும் கோழிகளையும் ஆண்டு, கணக்குப் புத்தகத்தில் பெயரே இல்லாமலிருந்த மூத்த பெண்ணின் வேலை இப்போது தனி வருமானமாக எழுதப்படுகிறது. கியாண்டி கண்ட மாற்றங்களில் அதிகம் பேசப்படாதது இது.

ராடா அருகே வோல்பாயா என்ற மலையுச்சிக் கிராமம் இந்தக் கதையை ஒரே பார்வையில் காட்டும். பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோட்டைக் கிராமம். 1966ல் அச்சுத் தொழிலில் இருந்த ஒருவர் அங்கே நிலமும் வீடுகளும் வாங்கினார். அவருடைய மகளும் மருமகனும் கிராமத்தையே ஒயின் ஆலையாக்கினார்கள், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி. வீடுகளின் கூரையைப் பிரித்து உருக்குத் தொட்டிகளை உள்ளே இறக்கி, கூரையை மீண்டும் வேய்ந்தார்கள். வழிபாடு நின்றுபோன தேவாலயங்களும் தொழிலுக்குப் பயன்பட்டன. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒயின் தெருவுக்கு அடியில் குழாய் வழியே போகிறது. மேலே பயணிகள் கல்தெருவில் புகைப்படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நிலம் இயற்கை முறையில் இருக்கிறது, சில வீடுகள் விருந்தினருக்கு. கிராமம் அருங்காட்சியகமாகவும் மாறவில்லை, இடிந்தும் போகவில்லை.

இன்னும் பழைய உதாரணம் காயோலே அருகிலுள்ள பதியா அ கோல்திபுவோனோ. பதினோராம் நூற்றாண்டில் துறவிகள் நிறுவிய மடம். நெப்போலியன் காலத்தில் துறவிகள் வெளியேற்றப்பட்டார்கள். 1846ல் ஃபுளோரன்ஸ் வங்கியாளர் ஒருவர் வாங்கினார். அவர் வழிவந்த ஸ்டுக்கி ப்ரினெட்டி குடும்பம் இன்றும் நடத்துகிறது. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட லொரென்ஸா தே மெதிச்சி 1980களில் அங்கே சமையல் வகுப்புகள் தொடங்கியபோது, அமெரிக்காவிலிருந்து ஆட்கள் வந்து தங்கிக் கற்றார்கள். துறவிகள் உறங்கிய அறைகள் விருந்தினர் அறைகளாயின. மடம் இருக்கும் உயரம் திராட்சைக்கு ஒத்துவராது. தோட்டங்கள் தெற்கே, தாழ்வான மோன்தியில். அவை முழுக்க இயற்கை விவசாயச் சான்று பெற்றவை.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்ல முடியாது. கிராமத்து அமைதியைத் தேடி வரும் விருந்தினருக்குக் கிராமம் அமைதியான இடமில்லை என்பது முதல் நாளே தெரிந்துவிடும். வெயில் ஏறும் முன் கந்தகம் தூவ டிராக்டர் விடியலில் கிளம்பும். பழம் பழுத்தால் காட்டுப்பன்றிகள் காட்டிலிருந்து இறங்கும். ஒரே இரவில் வரிசை வரிசையாகத் தின்று தீர்க்கும். தோட்டத்தைச் சுற்றி மின்வேலி. ஜூலை, ஆகஸ்டில் கொடிக்கே தண்ணீர் போதாதபோது விருந்தினர் நீச்சல் குளம் கேட்பார். வெளிநாட்டுப் பணம் வந்ததில் வீட்டு விலைகள் உயர்ந்து, உள்ளூர் இளைஞர் தாத்தா வாழ்ந்த ஊரில் வீடு வாங்க முடியாத நிலை. 2020 வசந்தத்தில் கொரோனா ஊரடங்கு வந்தபோது அறைகள் பூட்டப்பட்டன, உணவகங்களும் மூடிக்கிடந்தன. இரு கால்களில் நிற்பதாக நினைத்த குடும்பங்களுக்கு இரண்டும் ஒன்றாக வழுக்கும் என்று அன்று தெரிந்தது.

பெரிய கேள்வி வேறு. வாரதாரர் போன பிறகு கொடிகளுக்கு இடையே நிற்பது யார்? பெரும்பாலும் அல்பேனியா, ருமேனியா, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். இத்தாலிய விவசாயம் முழுவதுமே இன்று வந்தேறிகளின் கைகளில் நிற்கிறது. ரோமுக்குத் தெற்கே லத்தீனா சமவெளியின் காய்கறிப் பண்ணைகளில் ஆயிரக்கணக்கான பஞ்சாபியர் வேலை செய்கிறார்கள். 2024 ஜூனில் அங்கே இயந்திரத்தில் சிக்கிக் கை துண்டான ஓர் இந்தியத் தொழிலாளி, மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படாமல் தன் குடியிருப்பின் அருகே இறக்கிவிடப்பட்டார். பிறகு மருத்துவமனையில் இறந்தார். இத்தாலியே தலைகுனிந்தது. அது திராட்சைத் தோட்டமுமல்ல, கியாண்டியுமல்ல. ஆள்பிடித் தரகர்களைத் தண்டிக்க 2016லேயே கடுமையான சட்டம் வந்திருந்த நாட்டில் நடந்தது. இயற்கை விவசாயச் சான்று மண்ணில் என்ன போட்டார்கள் என்று கேட்கிறது. பாட்டிலில் கந்தகம் எத்தனை மில்லிகிராம் என்றும் 2012 முதல் கேட்கிறது. பழத்தைப் பறித்தவருக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை. அதைக் கேட்க ஒரே வாய்ப்பு, தோட்டத்தின் நடுவிலேயே தங்கி, பறிப்பவர்களை ஜன்னல் வழியே பார்க்கும் விருந்தினருக்கு இருக்கிறது. பெரும்பாலானோர் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தியாவில் இதைப் படிப்பவருக்கு நாசிக் நினைவுக்கு வரும். அமெரிக்காவிலிருந்து திரும்பிய ராஜீவ் சாமந்த் தொடங்கிய சுலா 2000ல் முதல் ஒயினை வெளியிட்டது. 2001ல் மகாராஷ்டிர அரசு ஒயினுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. இன்று வார இறுதியில் மும்பை கார்கள் தோட்டத்து விடுதிகளுக்குப் போகின்றன. ஆனால் வரிசை வேறு. அங்கே விடுதிகள் ஒயினை அறிமுகப்படுத்த வந்தவை. கியாண்டியில் விவசாயம் சரிந்துவிடாமல் தாங்க வந்தவை. ரசாயனத்தை விடுவதும் நாசிக்கில் கடினம். ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரை ஒட்டி இன்னொரு கவாத்து, ஜனவரி முதல் அறுவடை என்று கொடியை வருடம் முழுவதும் விழித்திருக்க வைக்கும் தட்பவெப்பம், நடுவில் பருவமழை. பூஞ்சைக்கு அதைவிட நல்ல விருந்து இல்லை. 2010ல் வளர்ச்சி ஊக்கி மருந்தின் எச்சம் இருந்ததாக இந்தியத் திராட்சையை ஐரோப்பா திருப்பியனுப்பியபோது பாதிக்கப்பட்டது சிறு விவசாயிதான். 2020ல் மகாராஷ்டிரம் விவசாயச் சுற்றுலாவுக்கும் ஒரு கொள்கையை ஏற்றது. அது யாருக்குப் பயன்பட வேண்டும் என்று தீர்மானிக்கிறவர்களுக்கு இத்தாலியச் சட்டத்தின் அந்த ஒற்றை நிபந்தனை கவனிக்கத்தக்கது: பயிர் முதலில், படுக்கை பிறகு.

அந்த நிபந்தனைக்குத்தான் இப்போது சோதனைக்காலம். அறை வாடகை ஒழுங்காக வருகிறது. ஒயின் மழையையும் பன்றியையும் நம்பியிருக்கிறது. குடிக்கும் பழக்கம் ஐரோப்பாவிலேயே குறைந்துவருகிறது. கோடை நீண்டு, அறுவடை முன்னதாக வருகிறது. அடுத்த தலைமுறையில் கணக்குப் பார்க்கும் மகனோ மகளோ, நஷ்டம் தரும் கொடியை ஏன் கொத்திக்கொண்டிருக்க வேண்டும், அறைகளைப் பெருக்கினால் போதாதா என்று கேட்டால் பெற்றோரிடம் சுலபமான பதில் இல்லை. ஆனால் அந்தப் பாதை எங்கே முடியும் என்பது தெரியும். கொடி போனால் ஜன்னலுக்கு வெளியே பார்க்க எதுவும் இருக்காது. பார்க்க எதுவும் இல்லாத மலைவீட்டுக்கு யாரும் வாடகை கொடுக்கப்போவதில்லை.

எனவே இந்தக் குடும்பங்கள் இரண்டையும் இழுத்துக்கொண்டு போகின்றன. காலையில் தோட்டம், மாலையில் விருந்தினர். ஒரு வருடம் ஒயின் அறைகளைத் தாங்கும், இன்னொரு வருடம் அறைகள் ஒயினைத் தாங்கும். வார முறை ஒழிந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. பாதிக்குப் பாதி என்ற கணக்கு மட்டும் கியாண்டி மலையை விட்டுப் போகவில்லை. இம்முறை அதை எழுதுவது காரியஸ்தர் அல்ல, அந்த வீட்டிலேயே குடியிருப்பவர்கள்.